டவல்னு நினைச்சுக் கொடுத்துட்டேன்

ஆமாம்மா, உன் காதுல சரியாத்தான் விழுந்திருக்கு. நான் கொடுத்ததைத்தான் திருப்பிக் கேக்குறேன். நீங்க இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னிக்கு, கீழ்வீட்டு அக்கான்னு சொல்லிட்டு வந்து தட்டையா ஒரு டப்பா கொடுத்தேனே, நீலப் பேப்பர், வெள்ளிக் கோடு போட்டது, அதேதான். கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஜென்மத்தை நீ இதுக்கு முன்னாடி பாத்திருக்க மாட்ட. நானும் பாத்ததில்ல. உக்காரட்டுமா? ஏறினது ஒரே ஒரு மாடிதான், ஆனா வெக்கப்பட்டுப் பாதி வழியில ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டு வந்தேன். அதான் மூச்சு வாங்குது.

காபியெல்லாம் வேண்டாம். சரி, எப்படியும் போடப் போறேன்னா அரை டம்ளர் கொடு. நீ அங்க பாலை வை, நான் இங்கேருந்தே கத்திப் பேசுறேன். விஷயம் இதுதான். சாயங்காலம் என் தங்கச்சி வரா. அவ வந்து கதவைத் தட்டறதுக்குள்ள அந்த டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தலை போற காரியம்னு வெச்சுக்கோயேன்.

நீங்கதானே கொடுத்தீங்க, உங்களுக்கே தெரியாதான்னா? தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. சிரிக்காத. சரி, சிரி. நியாயமா சிரிக்க வேண்டியதுதான்.

நான் வேலை பாக்குறது டிரைவிங் ஸ்கூல்ல. சே சே, நான் ஓட்டக் கத்துக் கொடுக்கலை, எனக்கு சைக்கிள்கூட வராது. முன்னாடி மேஜை, ஃபோனு, யாருக்கு எந்த நேரம் வண்டின்னு சொல்றது, டெஸ்டுக்குத் தேதி வாங்குறது, அழுதுட்டு வர்றவங்களுக்குத் தண்ணி கொடுக்குறது. டெஸ்ட்ல தேறிட்டா ஜனங்களுக்கு என்ன சந்தோஷம்ங்கற! மாஸ்டருக்கு ஒரு பிரசென்ட் வாங்குவாங்க. அப்புறம் வாசல்ல என் மூஞ்சியைப் பாத்ததும், அடடா இந்த அக்காவை விட்டுட்டமேன்னு ஓடிப் போய் எனக்கும் ஒன்னு வாங்கிட்டு வருவாங்க. ரெண்டு கடை தள்ளி ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். அவன்கிட்ட இருக்கறது சுவர்க் கடிகாரம், பூச்சாடி, கண்ணாடிக் கப்பு, மூக்கோட மூக்கு உரசற ரெண்டு புறா. எதை வாங்கினாலும் அவன் சுத்திக் கொடுக்கறது ஒரே பேப்பர், அந்த நீலம். தனியா இருக்கறவளுக்கு எத்தனை கடிகாரம்மா வேணும்? எல்லாம் ஒரே மணியைத்தான் காட்டப் போவுது.

அதனால பரண்ல போடுவேன். யார் வீட்லயாவது விசேஷம்னா ஒன்னை எடுத்துத் தொடைச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துடுவேன். ஊரார் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதைன்னு நீ நினைக்கலாம். நினைச்சுக்கோ. ஆனா அதுக்கும் ஒரு மரியாதை இருக்கு, முறை இருக்கு. கண்டபடி தள்ளி விட்டா மானம் போயிடும்.

முக்கியமானது, பிரிக்கவே கூடாது. பிரிச்சா ஆசை வந்துடும். இல்லைன்னா அருவருப்பு வந்துடும், இதைப் போயா கொடுக்கறதுன்னு. ரெண்டுமே ஆவாது. அதோட, டேப்பை ஒரு தடவை உரிச்சு மறுபடி ஒட்டினா மோப்பம் பிடிச்சுடுவாங்க. பொம்பளைங்க பேப்பரைப் பாக்க மாட்டாங்கன்னு நினைக்கறியா, முதல்ல டேப்பைத்தான் பாப்பாங்க. அப்புறம், ஸ்கூல்ல வந்தது ஸ்கூல் ஆளுங்க பக்கமே போகக் கூடாது. குடும்பத்துல வந்தது ஸ்கூலுக்குப் போலாம். கொடுக்கும்போது உங்களுக்காகவே தேடித் தேடி வாங்கினேன்னு சொல்லக் கூடாது, அது பாவம். சும்மா இருக்கட்டும்னு கையில வெச்சேன்னு சொல்லலாம். அது பொய் இல்ல பாரு.

ஒரே ஒரு கஷ்டம், அவங்க நம்ம எதிர்லயே பிரிக்க ஆரம்பிச்சா. அவங்களை விட எனக்குத்தான் படபடன்னு இருக்கும், உள்ள என்ன இருக்கோன்னு. பூச்சாடி வந்தா, ஆமா பூச்சாடிதான்னு ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி ஒரு மூஞ்சி வெச்சுக்கணும். ஒரு தடவை எங்க தெரு டெய்லர் பொண்ணு குழந்தைக்கு மொதப் பொறந்த நாள். நான் கொடுத்த டப்பாவை எல்லார் முன்னாடியும் பிரிச்சா. கடிகாரம். சரி, தப்பிச்சோம்னு பாத்தா உள்ளேருந்து ஒரு அட்டை விழுது. வாழ்த்துக்கள், இனிமேலாவது பாத்து ஓட்டுங்கன்னு எழுதியிருக்கு! ஒரு வயசுக் குழந்தைக்கு! டெஸ்ட்ல பாஸ் பண்ணவளுக்கு யாரோ கொடுத்ததை, அவளும் என்னை மாதிரியே பிரிக்காம என் தலையில கட்டியிருக்கா. நான் ஒன்னும் அசரலையே. நடக்க ஆரம்பிச்சுட்டான்ல, அதைத்தான் சொன்னேன்னுட்டேன். எல்லாரும் என்ன குசும்பு பாரு இந்த அக்காவுக்குன்னு சிரிச்சாங்க.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. நான் மாட்டையே பாக்காம தானம் கொடுத்தவ. அதான் இப்ப மாட்டிட்டு முழிக்கறேன்.

காபி நல்லா இருக்கு. சக்கரை தூக்கல், பரவாயில்ல, இன்னிக்கு வேணும்.

தங்கச்சி கதைக்கு வரேன். எனக்கு அவ ஒருத்திதான். எங்கம்மா போனப்ப அவ அஞ்சாங் கிளாஸ். அப்புறம் சோறு ஊட்டினது, சடை பின்னினது, காச்சல்ல பக்கத்துல முழிச்சிருந்தது எல்லாம் நான்தான். அந்த ஓட்டத்துல எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒன்னும் நடக்கலை. அவளுக்குப் பண்ணி வெக்கலாம்னு எத்தனை வரன் பாத்தேன்! அக்கா இருக்க நான் எப்படின்னு அவளும் பிடிவாதமா நின்னுட்டா. ஒரு லேப்ல வேலை, அங்கயே பக்கத்துல வீடு. எது தவறினாலும் ஞாயித்துக்கிழமை தவற மாட்டா, என் வீட்டுக்கு வந்துடுவா. என் பொறந்த நாளுக்கு வருஷா வருஷம் டவல் செட்டு. பெருசு ஒன்னு, சின்னது ரெண்டு. எனக்கு என்ன பத்து முதுகா இருக்கு? ஆனா பாசமாக் கொடுக்கறா, வாங்கி வெப்பேன்.

போன பொறந்த நாளுக்கும் கொடுத்தா. அதே தட்டை டப்பா, எங்க ஃபேன்ஸி ஸ்டோர் பேப்பர். கொடுக்கும்போது மட்டும், அக்கா, இதை நீ தனியா இருக்கும்போது பிரின்னா. சரிடின்னேன். டவலை எல்லாரையும் கூட்டி வெச்சா பிரிப்பாங்க? பரண்ல ஏத்திட்டு வேலையைப் பாத்தேன்.

நாலஞ்சு நாள் கழிச்சு ஃபோன் பண்றா. பாத்தியாக்கான்னு கேட்டா. குரலே ஒரு மாதிரி இருந்துச்சு, சளின்னு நினைச்சேன். பாத்தேன் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்குடி இந்த வயசுல இதெல்லாம், இருக்கறதை வெச்சு ஓட்டிக்கறதை விட்டுட்டு அப்படின்னேன். என்ன தப்பு அதுல? எந்தப் பிரசென்ட் வந்தாலும் நம்ம வாய்ல வர்ற வார்த்தைதானே அது? சரிக்கான்னுட்டு வெச்சுட்டா.

அதோட நின்னு போச்சும்மா. ஞாயித்துக்கிழமை வரலை. அடுத்த ஞாயிறும் வரலை. ஃபோன் பண்ணா வேலை இருக்குங்கறா, தலைவலிங்கறா. ஒரு டவலுக்கு இவ்ளோ ரோஷமான்னு எனக்கும் கோவம் வந்துடுச்சு. அவ ஏன் கோச்சுக்கிட்டான்னு தெரியாம, அவ கோச்சுக்கிட்டதுக்கு நான் கோச்சுக்கிட்டேன். நீ கெட்டியா நான் கெட்டியான்னு மாசக்கணக்கா போச்சு. சொல்றதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வந்தாலே எனக்கு வீடு வெறிச்சோடிப் போவும். சமைக்கத் தோணாது. ரெண்டு பேருக்குச் சமைச்சுப் பழகின கை.

இப்படி இருக்க, நேத்து அவகிட்டேருந்து ஃபோனு. அக்கா, கடைசியா ஒரே ஒரு தடவை கேக்குறேன், டப்பால வெச்சுக் கொடுத்தேனே, அதுக்கு நீ சரின்னு சொல்றியா, இல்லையா? இல்லைன்னா சொல்லிடு, இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னா. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. டவலுக்கு யாராவது சம்மதம் கேப்பாங்களா? அப்பதான் உறைக்குது, அது டவல் இல்லைன்னு. டப்பால என்னடி இருந்துச்சுன்னு கேக்கலாம்னா, பாத்தேன், நல்லா இருக்குன்னு போன வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கேன். டப்பாவும் இல்ல, உனக்குக் கொடுத்தாச்சு.

என்ன பண்ணுவேன்? அவ குரல் நடுங்குது. சரிடின்னுட்டேன். என்னக்கா சொன்னங்கறா. சரி, எனக்கு முழுச் சம்மதம், வீட்டுக்கு வாடின்னேன். ஓன்னு ஒரு அழுகை பாரு! அவ அழ, எதுக்குன்னு தெரியாமலே நானும் அழ. நாளைக்குச் சாயங்காலம் வரேன்க்கான்னுட்டு வெச்சா.

ராத்திரி பூரா தூக்கமில்ல. ஆழம் தெரியாம காலை விட்டுட்டேனே. எதுக்குச் சரின்னேன்? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறாளா? ஏதாவது குழந்தையைத் தத்து எடுக்கறாளா? சாமியாராப் போறாளா? எதுவா இருந்தாலும் சரி, அவ வந்து உக்காந்து அதைப் பத்திப் பேசும்போது நான் பேந்தப் பேந்த முழிச்சேன்னா, நீ பிரிச்சுக்கூடப் பாக்கலையாக்கான்னு ஒரு பார்வை பாப்பா. அப்புறம் அவ மறுபடி என் வாசப்படி ஏற மாட்டா. இந்தத் தடவை அவ போயிட்டா என்னால தாங்க முடியாதும்மா. அதான் மானத்தை விட்டு உன்கிட்ட வந்து நிக்கறேன்.

நீ பிரிச்சுட்டல்ல? பிரிச்சாச்சா, நல்லதாப் போச்சு. என்ன இருந்துச்சு, சொல்லு சொல்லு.

ஃபோட்டோ ஃபிரேமா!

எது, இதுவா? இந்தச் சுவத்துல மாட்டியிருக்கறதா? உன் கல்யாணப் படம் போட்டு? நான் உள்ள வரும்போதே பாத்தேனே! அடடே, நல்ல ஃபிரேமா இருக்கே, யாரோ பாத்து வாங்கியிருக்காங்கன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்.

வெறும் ஃபிரேமா? அதுக்கு எப்படிம்மா சரின்னு சொல்றது? உள்ள ஏதாவது படம் இருந்துச்சா? இருந்துச்சா! என்ன படம்?

ஒரு ஆணும் ஒரு பொண்ணும். சரி. காருக்கு முன்னாடி நின்னு சிரிக்கறாங்க. சரி. அது கடைக்காரன் காட்டறதுக்காகப் போட்டு வெச்ச மாடல் படம்னு நினைச்சீங்க. சரிதான், எல்லா ஃபிரேம்லயும் அப்படித்தானே வரும், நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். என்னது, உன் வீட்டுக்காரர் கேலி பண்ணாரா? மாடலுக்கு முன்பக்கம் வழுக்கை விழுந்திருக்கு, கம்பெனி நஷ்டத்துல ஓடுது போலன்னா? நல்லாத் தமாஷ் பண்றார் மனுஷன்.

அந்தப் படத்தை என்னம்மா பண்ணீங்க? தூக்கிப் போட்டுடலையே? எங்க? இதுக்குப் பின்னாடியேவா? உங்க படம் மெல்லிசா இருந்து ஆடுச்சுன்னு அதையே மடிக்காம முட்டுக் கொடுத்து வெச்சுட்டாரா? மகராசன்! அவருக்குக் கோடிப் புண்ணியம். கழட்டும்மா, கழட்டு. ஸ்டூல் நான் பிடிச்சுக்கறேன். பின்னாடி அந்த ஊக்கை ஸ்பூனால நெம்பு, கை நகத்தை உடைச்சுக்காத.

கொடு. இப்படிக் கொடு. கண்ணாடி போட்டுக்கறேன்.

ஓ.

இல்லம்மா, ஒன்னுமில்ல. இது என் தங்கச்சிதான். நல்லாச் சிரிச்சிருக்கா. அவ பல்லு தெரியச் சிரிச்சு நானே பாத்து வருஷமாச்சு. கையைப் பிடிச்சிருக்கா பாரு. கியர் மாத்தக் கத்துக் கொடுக்கற பிடி இல்ல அது.

அவரா? தெரியும். தெரியாம என்ன. எங்க ஸ்கூல் மாஸ்டர். என் மேஜைக்கு எதிர்லதான் அவர் சாவி மாட்டற ஆணி. சம்சாரம் போய் ரொம்ப நாளாச்சு, பிள்ளை குட்டி கிடையாது, தங்கமான மனுஷன். இது எங்க ஸ்கூல் வண்டிதான், எல் போர்டு தெரியுதுல்ல. தங்கச்சியை ஓட்டக் கத்துக்கோடின்னு கொண்டுபோய்ச் சேத்து விட்டதே நான். மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயிலானா. லேப்ல மைக்ராஸ்கோப்புல புள்ளி புள்ளியா எண்ணறவ, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். இப்பல்ல தெரியுது. பாஸ் பண்ணா கிளாஸ் முடிஞ்சு போயிடுமே, கழுதை, வேணும்னே கோட்டை விட்டிருக்கா!

சிரிப்பு வருது. நல்ல சிரிப்புதான். அக்கா இருக்கும்போது நான் எப்படின்னு வாயால கேக்க வெக்கப்பட்டு, படம் பிடிச்சு டப்பால போட்டுக் கொடுத்திருக்கா. நான் என்னடான்னா, இந்த வயசுல எதுக்குடி இதெல்லாம்னு கேட்டிருக்கேன். பாவி, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. எப்படித் துடிச்சிருப்பா குழந்தை. என் ஒரு வார்த்தைக்காக ரெண்டு பேரும் இத்தனை மாசமாக் காத்துக் கெடந்திருக்காங்க.

அந்த மனுஷனும் ஒரு வார்த்தை விடலை பாரேன். அவதான் சத்தியம் வாங்கியிருப்பா, அக்கா தானா வாயைத் திறக்கற வரைக்கும் நீங்க மூச்சு விடக் கூடாதுன்னு. ஆனா என்கிட்ட அவ்ளோ மரியாதையா இருந்தார். நான் கேக்காமலே என் மேஜை ஃபேனை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார். மழை பெஞ்சா, வாங்க, இறக்கி விடறேன்னு வண்டியைக் கொண்டுவந்து வாசலோட ஒட்டி நிறுத்துவார். நான் டீயில சக்கரை குறைச்சதுகூட அவருக்குத் தெரியும். வண்டியை நிறுத்திட்டு ஸ்டியரிங்கையே பாத்துட்டு, ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, நான் ஒன்னும் தப்பா நினைக்க மாட்டேன்னு சொல்வார். ஒரு தடவை இல்ல, பல தடவை. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கிப் போயிடுவேன்.

எனக்கு எப்படித் தெரியும் அது கட்டிக்கப் போறவளோட அக்காகிட்ட காட்டற மரியாதைன்னு?

தண்ணி கொடும்மா கொஞ்சம்.

அட, நீ ஏன் இப்படிப் பாக்குற. ஆமா, நான் வேற மாதிரிதான் நினைச்சிட்டிருந்தேன். மனுஷனுக்குக் கூச்சம், நாமளாவது வாயைத் திறப்போமான்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிக்கூடப் பாத்தேன். வலிக்குதுதான், இல்லைன்னா பொய். ஆனா இது ஆறிடும். அவ ஞாயித்துக்கிழமை வராம இருந்தா பாரு, அது ஆறாது. அப்புறம் இவளைப் பாத்து வயிறு எரியறதுக்கு எனக்கு வராதும்மா. நான் வளத்த புள்ள.

நல்லவேளை, அவ வரதுக்கு முன்னாடியே இங்க வெச்சுப் பாத்துட்டேன். அவ எதிர்ல பிரிச்சுப் பாத்திருந்தா இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சிருப்பேன்? இன்னும் நேரம் இருக்கு. போய்த் தலை வாரி, நல்லதா ஒன்னு கட்டிக்கிட்டு, மாப்பிள்ளை எங்கடி, வாசல்லயே நிக்கறாரான்னு நானே கேக்கணும். கண்டிப்பா ரெண்டு பேரும் சேந்துதான் வருவாங்க.

படம் எனக்குப் போதும், ஃபிரேமை நீயே வெச்சுக்கோ. உங்க படத்துக்கு நல்லா எடுப்பா இருக்கு. நான் வேற வாங்கிப் போட்டுக்கறேன். முட்டுக் கொடுக்கறதுக்கு மட்டும் ஒரு அட்டை வெட்டி வெக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை.

இன்னும் ஒரே ஒரு உதவி. உன்கிட்ட கலர் பேப்பர் ஏதாவது இருக்கா? புதுசா, யாரும் பிரிச்சு மடிச்சு வெக்காததா? நீலம் வேண்டாம். மஞ்சளா? மஞ்சள் நல்லதுதான், கொடு. டேப்பும் கொடு.

மாப்பிள்ளை மொத மொதல்ல வீட்டுக்கு வரார், வெறுங்கையோட அனுப்பறதா? பீரோல ஒரு சட்டை இருக்கு. வெளிர்நீலம், முழுக்கை, அவர் அளவுதான், கச்சிதமா இருக்கும். பரண்ல இருந்ததில்லம்மா இது. போன சம்பளத்துல நானே கடைக்குப் போய், நாலு சட்டையை விரிச்சுப் போட்டுப் பாத்துப் பாத்து அவருக்காக வாங்கினது. எப்படிக் கொடுக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்.